மடிந்துவிட்டதாம்

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் டெலிபோன் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அது தமிழ் சார் வீடு. அவர் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். அவர் மனைவி தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்ததால் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. வரிசையில் யாருக்கு போன் வந்தாலும் சார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து, வாசலில் நின்று, சேதியைத் தன் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிட்டுப் போவார். "மாமா வண்டி ஏறிட்டாரு" என்று போனில் சொன்னால், "தங்கள் மாமா பயணம் புறப்பட்டுவிட்டாராம்" என்று வந்து சேரும். அவர் தலை மறைந்ததும் அண்ணனும் நானும் அதை அப்படியே சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

ஒருநாள் நான் அந்த போனில் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன். சார் அதை மாற்றிச் சொன்னதில் எங்கள் வீட்டு வாசலில் பெரிய கூத்தே நடந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அண்ணன் எனக்கு ஒன்பது வயது மூத்தவன். அம்மா முகம் என் மனதில் பதிவதற்குள் அவள் போய்விட்டாள். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால், ராணுவத்துக்கு உடுப்பும் டென்ட்டும் தைக்கிற அதே தொழிற்சாலையில் அண்ணனுக்கு வேலை கொடுத்தார்கள். அவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டென்ட் மடிக்கிற செக்‌ஷனுக்குப் போனான். நான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரிக்குப் போனேன், எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன், பிறகு கிண்டிப் பக்கம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். எல்லாம் அவன் மடித்த டென்ட்டில் நடந்தது.

டென்ட் மடிப்பதில் என்ன பெரிய வித்தை என்று நானும் கேட்டிருக்கிறேன். ஓர் அறை அகலத்துக்குக் கிடக்கும் கித்தான் துணி. நான்கு பேர் நான்கு மூலையில் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் முதலில் உள்ளே போகிறது, எது கடைசியில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கோ மலையில், மழையில், விரல் விறைத்துப்போனவன் ஒருவன் கட்டை அவிழ்க்கும்போது கதவுப் பக்கம் மேலே வர வேண்டும். கதவு உள்ளே போய்விட்டால் அவன் முழுவதையும் பிரித்துப்போட்டுத் தேட வேண்டியதுதான். இன்ஸ்பெக்‌ஷனில் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தான் மடித்தது திரும்பி வந்ததே இல்லை என்று அண்ணன் பீற்றிக்கொள்வான். வீட்டிலும் போர்வை, அண்ணியின் சேலை எல்லாம் அவன் கையால்தான் மடிய வேண்டும். நான் மடித்து வைத்ததைப் பிரித்து மறுபடி மடிப்பான். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "போய் உன் டென்ட்டை மடி" என்பேன்.

ஆவடியில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் சென்ட்ரல் போகிற வழியில் அடுத்த ஸ்டேஷன் அண்ணனூர். "அது அண்ணன் ஊரு. என் ஊரு. அத்தொட்டுதான் போர்டு வெச்சுகீறாங்க" என்று சின்ன வயதில் என்னை நம்பவைத்திருந்தான். நான் அதை வகுப்பில் சொல்லி மானம் போனது. வளர்ந்த பிறகும் அவன் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போகும்போதெல்லாம், ஸ்டேஷன் வந்ததும் ஜன்னல் கம்பியைத் தட்டி, "என் ஊரு வந்திச்சு பாப்பா, எறங்கட்டா?" என்பான். "எறங்கித் தொலை" என்பேன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அவனுடைய வலது கட்டைவிரல் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மடிப்பை அழுத்தி நீவுகிற விரல் அதுதான். மடிப்பு நிற்கவில்லை என்றான். நாங்கள் சத்துக் குறைவு என்று நினைத்து முட்டையும் கீரையுமாகப் போட்டோம். பிறகு கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தசையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வியாதி, இதற்கு மருந்து கிடையாது, பிடித்ததைச் செய்துகொண்டு இருக்கட்டும் என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். அண்ணனும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றபோது, "நரம்பு சாவும்னா, கை இருக்கும், ஆனா சொன்னா கேக்காது. அப்டித்தானே?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன்.

அப்போது நான் ஆராய்ச்சியில் செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால் கதைக்காகச் சொல்வதுபோல் இருக்கும். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு வெளிநாட்டில் ஒரு நண்பர் இருந்தார். அவர் நரம்பு வியாதிக்கு மருந்தாகுமா என்று பார்ப்பதற்காக டி.என்.ஏ. இழை ஒன்றைச் செயற்கையாகச் செய்து, அதன் அமைப்பை அளந்து சொல்லும்படி எங்களுக்கு அனுப்பியிருந்தார். சின்னக் குழாயின் அடியில் பஞ்சுப் பிசிறு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று நான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் மூடியைத் திறப்பேன்.

அண்ணனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், டீ குடித்துக்கொண்டே விளக்கினேன். நரம்புச் செல்லுக்குள் கெட்ட புரதம் ஒன்றைச் செய்யச் சொல்லி ஒரு சீட்டு போகிறது. அதில் இருக்கும் எழுத்துகளுக்கு ஜோடி எழுத்துகளைக் கோத்து ஒரு குட்டி இழை செய்து உள்ளே விட்டால், அது அந்தச் சீட்டின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் சீட்டைப் படிக்க முடியாது, கெட்ட புரதமும் வராது. எழுத்து மொத்தம் நான்குதான். ஏ எழுத்து டி-யோடு சேரும், ஜி எழுத்து சி-யோடு சேரும். ஆள் மாறிச் சேராது.

"இது நரம்பு வியாதிக்கா?" என்றான்.

"ஆமாண்ணா."

"என்னுதுக்கா?"

அது பரம்பரையாக வருகிற ஒரு வகைக்கு. அண்ணனுக்கு வந்தது எந்த வகை என்று சொல்ல அன்று இங்கே யாருக்கும் வழியில்லை. மருந்தாக எத்தனை வருஷம் ஆகும், ஆகுமா ஆகாதா என்று அதை அனுப்பியவருக்கே தெரியாது. என் வேலை மருந்து செய்வதும் இல்லை. அந்த இழை தண்ணீரில் நீட்டிக் கிடக்கிறதா, மடிந்து கிடக்கிறதா, எந்தச் சூட்டில் பிரிகிறது என்று அளந்து எழுதுவது மட்டும்தான். இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். "உன்னுது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

மறுநாள் அவன் டென்ட் ஓரத்தில் வைத்துத் தைக்கிற வெள்ளை நாடாவில் ஒரு துண்டு கொண்டுவந்தான். "உன் மருந்த இதுல எயுதிக் குடு. நானும் பாக்க வாணாமா?" என்றான். இருபது எழுத்துகளையும் பால்பாயின்ட் பேனாவால் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டான். யார் வந்தாலும் எடுத்து நீட்டிக் காட்டுவான். "எங்க பாப்பா செய்யுது" என்பான். அண்ணி பூந்தமல்லிக்காரர், எதையும் லேசில் நம்பாதவர். அவர்கூட அந்த நாடாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

இழையைச் சோதிப்பது இப்படி. அதைத் தண்ணீரில் கரைத்து, சின்னக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அதன் வழியே விட வேண்டும். பிறகு ஒவ்வொரு டிகிரியாகச் சூடேற்ற வேண்டும். இழை மடிந்து இருந்தால் ஒளியைக் குறைவாக விழுங்கும், பிரிந்துவிட்டால் அதிகமாக விழுங்கும். மெஷினின் பேனா முதலில் தரையோடு தரையாக ஊர்ந்து, எங்கே மடிப்பு பிரிகிறதோ அங்கே சட்டென்று மேலே ஏறும். மாதக்கணக்கில் எனக்கு அது முழுசாக ஏறவே இல்லை. ஏறினால் கரன்ட் போகும். கரன்ட் இருந்தால் குமிழி வந்து கெடுக்கும். இழை மடிகிறதா என்று பார்க்கிறேன் என்பதை மட்டும் அண்ணனிடம் சொல்லியிருந்ததால், "மடிஞ்சிச்சா பாப்பா?" என்று தினமும் கேட்பான்.

ஒருநாள் பகலில் ஏறியது. கோணல் இல்லாத, வழுவழுப்பான ஏற்றம். பத்து மடங்கு தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தும் பார்த்தேன். அதே சூட்டில்தான் பிரிந்தது. அப்படியென்றால் அது பக்கத்து இழையோடு சேரவில்லை, தன்மேல் தானே மடிந்து ஜோடி சேர்ந்திருக்கிறது. என் ஆராய்ச்சிக்கு முதல்முதலாக ஒரு பதில். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வர நேரமாகும். வெளியே ஓடிப்போய் பூத்தில் இருந்து தமிழ் சாருக்கு போன் போட்டேன். லைனில் ஒரே இரைச்சல். "சார், எங்க அண்ணன்கிட்ட மடிஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. அவனுக்குப் புரியும்" என்று கத்திவிட்டு வைத்தேன்.

சார் வந்து, தலை குனிந்து நின்று, "தங்கையிடமிருந்து செய்தி. மடிந்துவிட்டதாம்" என்றாராம்.

அண்ணி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, யாரு சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"அது தெரியவில்லை அம்மா. அஃறிணையாகத்தான் சொன்னார். குழந்தையாக இருக்கலாம்."

அவ்வளவுதான். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாமலே இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து, கூட்டத்தைப் பார்த்துப் பதறி, விஷயம் தெரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்திருக்கிறான். நான் வந்தபோதும் அது ஓயவில்லை. "சார், எங்க செக்‌ஷன்ல மடிஞ்சிச்சுன்னா வேல முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். சாவு கீவு எத்வும் இல்ல" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். "மடிதல் என்றால் இறத்தல். அகராதியைப் பார் தம்பி" என்று சார் விடாப்பிடியாக நின்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

உள்ளே வந்ததும் அண்ணன் நாடாவை எடுத்து நீட்டினான். "எப்டி மடிஞ்சிச்சு, காட்டு." முன்னால் இருந்த எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் வளையம் விட்டு மடித்துக் காட்டினேன். அண்ணியின் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி அதில் செருகினேன். இங்கிலீஷிலும் இந்த மடிப்புக்குக் கொண்டை ஊசி என்றுதான் பெயர் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் அதை இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது இப்டியே மடிஞ்சிகினேதான் இருக்குமா?"

"ஒடம்பு சூட்டுக்கெல்லாம் அசையவே அசையாதுண்ணா. எழுபது டிகிரிக்கு மேலதான் பிரியும்" என்றேன்.

"அப்டியா" என்றான். மடிப்பை இடது கட்டைவிரலால் ஒருமுறை நீவினான். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, "பாப்பா ஜெயிச்சுகினு வந்துகீது. சேமியா பாயசம் பண்ணு" என்றான். நான் குளித்துவிட்டு வந்து இரண்டு டம்ளர் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் மெஷின் வரைந்த அந்தக் கோட்டைப் பார்த்தார். "நல்ல ரிசல்ட்மா. இதை வைத்தே உன் தீசிஸ் நிற்கும்" என்று தட்டிக்கொடுத்தார். கதவு வரை போனவர் திரும்பி, "மருந்துக்கு இந்த இழை லாயக்கில்லை என்று என் நண்பருக்கு ஒரு வரி எழுதிவிடலாம்" என்றார். எழுத்துகள் தங்களுக்குள்ளேயே ஜோடி பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டால், சீட்டின்மேல் எதை வைத்து ஒட்டும்? கதவுப் பக்கம் உள்ளே போய்விட்ட டென்ட் அது. எம்.எஸ்சி. படித்த எனக்கு இது உறைக்க இரண்டு நாள் ஆனது. என் சந்தோஷத்தில் நான் அண்ணனை மறந்தே போயிருந்தேன் என்பதுதான் உண்மை. பாயசம் குடித்த வாய் கசந்தது.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ட்ரெயின் ஏறினேன். வீட்டில் நுழைந்ததும், "வா பாப்பா, வேல எப்டி போவுது?" என்று சிரித்தான். "நல்லாப் போவுதுண்ணா" என்றேன். அடுத்த இழை வரும், அது மடியாது, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த இழை வரவில்லை. அந்த நண்பர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் மருந்தாகாத இழையை வைத்துக்கொண்டு, அது எப்படி எப்படியெல்லாம் மடிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

அண்ணன் வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போவான். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமே போகும். அந்த வருஷம் வலது கை சுத்தமாக விழுந்திருந்தது. நடக்கையில் கால் அங்கங்கே தடுக்கியது. ஆனாலும் நடந்துகொண்டுதான் இருந்தான். காவி வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"பாப்பா, இந்த வருஷம் நடக்கட்டுமா? இல்ல உன் மருந்து வந்தப்புறம் அடுத்த வருஷம் நடக்கட்டுமா?"

அண்ணி அரைத்துக்கொண்டிருந்த குழவி நின்றது. டாக்டர் பிடித்ததைச் செய்யட்டும் என்றுதான் சொல்லியிருந்தார். எனக்கு அது நன்றாக நினைவில் இருந்தது.

"அடுத்த வருஷம் போலாம்ணா. இப்ப எதுக்கு வீணா ஒடம்ப அலட்டிக்கிற?" என்றேன்.

"சரி" என்றான். வேட்டியை ஒற்றைக் கையால் மடித்து, வயிற்றில் வைத்து அழுத்தி, பீரோவில் வைத்தான். கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு ரோட்டில் போன அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆள் போகும்வரை நின்றான்.

அடுத்த வருஷம் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. அதற்குள் பேச்சும் குழறிப்போய், பிறகு நின்றேவிட்டது. கண்ணால் மட்டும் பேசினான். அந்தக் கண்ணுக்கு நேராகவும் நான், "மருந்து வந்துடும்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கண்ணை மூடித் திறப்பான். அது சரி என்று அர்த்தம். ஒரு சித்திரை மாதத்துக் காலையில், அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது.

உறவுக்காரர்களுக்குத் தமிழ் சார்தான் தன் போனிலிருந்து சொன்னார். பக்கத்தில் நான் நம்பர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இறைவனடி சேர்ந்தார் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "போயிட்டான்ங்க. எங்க பையன் போயிட்டான்" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு நம்பருக்கும் அதையே சொன்னார்.

மறுவருஷம் எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இதனால் என்ன பயன்?" என்று கேட்டார். "எந்த இழையை மருந்தென்று நம்பக் கூடாது என்று தெரிகிறது" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் பெட்டியோடு பட்டாபிராமுக்குப் போனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு அண்ணி அங்கேதான் இருந்தார். பெட்டியை வாங்கி அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்தார். பைபிளைத் திறந்து நாடாவை எடுத்து என் கையில் கொடுத்தார். கொண்டை ஊசி செருகியபடியே இருந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நான் அவனை ஏமாத்திட்டேன் அண்ணி. அது மருந்தே இல்ல. அது மடிஞ்ச அன்னிக்கே அது ஆகாதுன்னு ஆயிடுச்சு. நான் சொல்லவே இல்ல" என்று அழுதேன்.

அண்ணி அழவில்லை. "அவருக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா" என்றார்.

"என்னிக்கு?"

"தமிழ் சார் வந்து சொன்னாரே, அன்னிக்கு. நீ குளிக்கப் போன. அவரு இந்த நாடாவ வெச்சுகினே குந்திகினு இருந்தாரு. 'கதவு உள்ள போயிட்ச்சுடி. இது தன்னோட தானே ஒட்டிகினா, சீட்டு மேல எத்த வெச்சு ஒட்டும்?'னாரு. அப்பால, 'தமிழ் சார் சொன்னதுதான் கரெக்டு'ன்னு சிரிச்சாரு. சிரிச்சுகினே அய்தாரு. நீ வர சத்தம் கேட்டதும் தொடச்சிகினு பாயசம் ஆச்சான்னு கேட்டாரு."

"ஏன் அண்ணி எங்கிட்ட யாரும் சொல்லல?"

"சொல்லாதன்னாரு. 'பாப்பாவுக்கு இன்னும் தெர்ல. தெரிஞ்சா அதுவே வந்து சொல்லும். சொல்றவரைக்கும் நாம கேக்க வாணாம், படிப்பு கெட்டுப்பூடும்'னாரு. ஒரே ஒரு வாட்டிதான் மனசு கேக்காம கேட்டாரு."

"எப்ப?"

"வேளாங்கண்ணிக்கு இந்த வருஷமே நடக்கட்டுமான்னு கேக்கல?" என்றார் அண்ணி.

எப்படிக் கிளம்பினேன், எப்படி ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று நினைவில்லை. ஞாயிறு மத்தியான வண்டி காலியாக இருந்தது. ஆவடி தாண்டியதும் ஊசியை உருவிவிட்டு நாடாவை நீட்டிப் பிடித்தேன். பேனா மை மங்கியிருந்தது. கையை விட்டதும் அது பழைய தடத்திலேயே மடிந்து என் மடியில் விழுந்தது. வண்டி நின்றது. அண்ணனூர். ஏற ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை.

ஜன்னல் கம்பியை நானே தட்டினேன். "உன் ஊரு வந்திச்சுண்ணா" என்றேன்.